டயாலிசிஸ் நோயாளியின் இதயத்தில் 'கட்டி': புற்றுநோயா, ரத்த உறைவா, கால்சியமா?

ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது வீட்டிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு ரிப்போர்ட் வருகிறது. மூன்று வருடங்களாக டயாலிசிஸ் செய்துவரும் அப்பாவுக்கு வழக்கம்போல எடுத்த எக்கோ அது. கடைசி வரியில் 'மாஸ்' என்று ஒரு வார்த்தை. கூடவே அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்: "ஹார்ட்ல ஏதோ கட்டி இருக்காம்பா, டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு போகச் சொல்றார்." உடனே கூகுளில் தேடினால், முதலில் வந்து நிற்பது புற்றுநோய் பற்றிய பக்கங்கள்தான்.

இப்படி ஒரு நாள் வந்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீண்ட காலம் டயாலிசிஸ் செய்பவர்களின் இதயத்தில் தென்படும் கட்டி போன்ற உருவங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் "புற்றுநோய் இல்லை" என்பதற்கு "ஆபத்து இல்லை" என்று அர்த்தமும் அல்ல. அது எது, எங்கே இருக்கிறது, அசைகிறதா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

'மாஸ்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

எக்கோ ரிப்போர்ட்டில் 'மாஸ்' என்று எழுதினால், இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ ஒன்று தெரிகிறது என்று மட்டுமே பொருள். அது நோயின் பெயர் அல்ல. உறைந்த ரத்தமாக இருக்கலாம், கால்சியம் படிவாக இருக்கலாம், கிருமித் தொற்றால் வால்வில் வளர்ந்த சதை போன்ற படலமாக இருக்கலாம், நிஜமான கட்டியாகவும் இருக்கலாம். சில நேரங்களில் இதயத்திலேயே பிறவியிலிருந்து இருக்கும் ஒரு மெல்லிய திசு மடிப்போ, டயாலிசிஸுக்காகப் போட்ட குழாயின் முனையோகூடத் திரையில் கட்டி போலத் தெரியும்.

இதயத்திலேயே தொடங்கும் கட்டிகள் மிக மிக அரிது. பிரேதப் பரிசோதனை ஆய்வுகளில் 0.02 சதவீதம் என்ற அளவில்தான் அவை காணப்பட்டிருக்கின்றன. அதாவது, 5,000 பேரில் ஒருவர். உடலின் வேறு பகுதியில் தொடங்கிய புற்றுநோய் இதயத்துக்குப் பரவுவது அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே டயாலிசிஸ் நோயாளி ஒருவருக்கு 'மாஸ்' தெரிந்தால், டாக்டர்கள் முதலில் யோசிப்பது சிறுநீரக நோயோடும் டயாலிசிஸோடும் தொடர்புள்ள காரணங்களைத்தான்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி?

இதற்கான விடை ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. நாம் சாப்பிடும் பருப்பு, பால், இறைச்சி, பாக்கெட் உணவு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. ஒருவர் தினமும் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் சாப்பிடுகிறார், அதில் 60 சதவீதம் ரத்தத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 4,200 மில்லிகிராம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் மிச்சமானதை அது வெளியேற்றிவிடும்.

ஆனால் நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று வெளியேற்றுவது சுமார் 800 மில்லிகிராம். வாரத்துக்கு மூன்று முறை செய்தாலும் 2,400தான். மீதி 1,800 மில்லிகிராம் எங்கே போகும்? அதைக் குடலிலேயே பிடித்து நிறுத்தத்தான் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கச் சொல்லும் பாஸ்பேட் பைண்டர் மாத்திரைகள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அந்த மாத்திரையைப் போட்டால் அதனால் பெரிய பயன் இல்லை.

பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கினால் அடுத்தடுத்த சிக்கல்கள் தொடங்கும். வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் வேலை, அதுவும் குறைகிறது. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் வெளியே இழுக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன. எலும்பில் இருக்க வேண்டிய கால்சியம் ரத்தக்குழாயிலும் இதய வால்விலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது இதயத்தின் இடது பக்கம் உள்ள மைட்ரல் வால்வைச் சுற்றியிருக்கும் வளையம். ஒவ்வொரு துடிப்புக்கும் இழுபட்டு, அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும் இடம் அது. நீண்ட காலம் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அந்த வளையத்தில் கால்சியம் படிவது சாதாரணமாகவே காணப்படும் விஷயம். அதிலிருந்து கட்டி போல ஒன்று எழும்புவதுதான் அரிது.

1997-இல் பெயர் பெற்ற கால்சியம் கட்டி

அப்படி எழும்பும் ஒன்றுக்குப் பெயர் 'கால்சிஃபைடு அமார்ஃபஸ் ட்யூமர்', சுருக்கமாக சி.ஏ.டி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த நோய்க்கூறு நிபுணர்கள் 11 நோயாளிகளின் இதயத்திலிருந்து எடுத்த கட்டிகளை ஆராய்ந்து, 1997-இல் இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். பெயரில் 'ட்யூமர்' இருந்தாலும் இதில் கட்டுக்கடங்காமல் பெருகும் செல்கள் எதுவும் இல்லை. கால்சியக் கட்டிகள், ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதம், சிதைந்த ரத்தக் கூறுகள், நாள்பட்ட அழற்சியின் அடையாளங்கள் என இவையெல்லாம் வடிவம் இல்லாமல் சேர்ந்து இறுகிய ஒரு திரள் அது.

இது எப்படி உருவாகிறது என்பதற்கு முக்கியமான விளக்கம், சின்ன ரத்த உறைவு ஒன்றின் மேல் கால்சியம் படிந்து இறுகுகிறது என்பதே. முதலில் இதய நோய்ப் பிரிவுகளில் ஒரு விநோதமாகப் பார்க்கப்பட்ட சி.ஏ.டி., பிறகு டயாலிசிஸ் நோயாளிகளிடம் அடிக்கடி பதிவாகத் தொடங்கியது. குறிப்பாக, ஜப்பானிலிருந்து இப்படிப் பல மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. மைட்ரல் வளையத்தில் ஏற்கெனவே கால்சியம் படிந்திருப்பவர்களிடம்தான் இது அதிகம்.

டாக்டர்கள் கவலைப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இது வேகமாக வளரலாம். முந்தைய எக்கோவில் இல்லாத ஒன்று சில மாதங்களில், சிலருக்குச் சில வாரங்களிலேயே தோன்றியதாகப் பதிவுகள் உண்டு. இரண்டு, சிலருக்கு இது மெல்லிய குச்சி போல நீண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் ஊசலாடுகிறது. அப்படி ஆடும் ஒன்றிலிருந்து ஒரு துணுக்கு உடைந்தால், அது ரத்தத்தோடு மூளைக்கோ, கண்ணுக்கோ, கை கால்களுக்கோ போகலாம்.

மைட்ரல் வளையத்தில் வரும் இன்னொரு வகையும் உண்டு. படிந்த கால்சியத்தின் நடுப்பகுதி இளகி, பற்பசை போல ஆகிவிடும். எக்கோவில் உருண்டையாக, பெரிய கட்டி போலத் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் இது தொந்தரவு செய்வதில்லை. இதைப் புற்றுநோய்க் கட்டி என்று நினைத்து அவசரமாக ஆபரேஷனுக்குப் போகாமல் இருக்கச் சரியான ஸ்கேன் முக்கியம்.

கழுத்துக் குழாயும் ரத்த உறைவும்

டயாலிசிஸ் நோயாளிகளின் இதயத்தில் மாஸ் தெரிவதற்கு இன்னொரு முக்கியக் காரணம் கத்தீட்டர். நம் ஊர் நோயாளிகள் 'பெர்ம்கேத்', 'கழுத்து லைன்' என்று சொல்வது இதைத்தான். கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போகும் இந்தக் குழாயின் முனை, இதயத்தின் வலது மேலறையை ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அது உள்சுவரில் உரசலாம். உரசிய இடத்தில் ரத்தம் உறையலாம். குழாயின் மேலேயே உறைவு ஒட்டிக்கொண்டும் வளரலாம்.

பலருக்கு இதனால் எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்கு டயாலிசிஸ் மெஷினில் ரத்த ஓட்டம் சரியாக வராது. "லைன் சரியா ஓடல" என்று டெக்னீஷியன் சொல்வார். காய்ச்சல், மூச்சுத்திணறல் வரலாம். உறைவு பெயர்ந்தால் அது நுரையீரலுக்குப் போய் அடைக்கும்.

முன்கையில் சிறு ஆபரேஷன் செய்து உருவாக்கும் ஃபிஸ்டுலா இந்த விஷயத்தில் பாதுகாப்பானது. இதயத்துக்குள் குழாய் எதுவும் போகாது. ஆனால் அது முதிர்ந்து ஊசி போடத் தயாராகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகும். சிறுநீரகம் செயலிழந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. முதல் நாளே கழுத்தில் குழாய் போட வேண்டியிருக்கிறது. பிரச்னை என்னவென்றால், 'தற்காலிகம்' என்று போட்ட குழாய் பலருக்கு மாதக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது.

காய்ச்சல் இருந்தால் தொற்றை மறக்கக் கூடாது

வாரத்துக்கு மூன்று முறை ரத்தக்குழாய் திறக்கப்படும் உடல் அது. ஊசி வழியாகவோ குழாய் வழியாகவோ கிருமி உள்ளே போகலாம். அதில் முக்கியமானது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அது ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே கால்சியம் படிந்து கரடுமுரடாக இருக்கும் வால்வில் ஒட்டிக்கொண்டால், அங்கே கிருமியும் ஃபைப்ரினும் சேர்ந்த ஒரு படலம் வளரும். எக்கோவில் இதுவும் 'மாஸ்'தான். இதயத்தின் உட்சுவர் அழற்சியான இந்த எண்டோகார்டைட்டிஸ், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உயிராபத்தானது.

இங்கே வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: டயாலிசிஸ் நோயாளிக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே ரத்தத்தை கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும்.

நிஜக் கட்டியாக இருந்தால்?

பெரியவர்களுக்கு இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் முதன்மையானது மிக்ஸோமா. இது புற்றுநோய் அல்ல. சுமார் நான்கில் மூன்று பங்கு மிக்ஸோமாக்கள் இடது மேலறையில் வருகின்றன. வால்வில் வரும் பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா இன்னொரு வகை. இதுவும் புற்றுநோய் அல்ல. இவை இரண்டும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வரலாம், செய்யாதவர்களுக்கும் வரலாம். துணுக்கு உடைந்து பக்கவாதம் வரும் ஆபத்து இவற்றிலும் உண்டு என்பதால் பெரும்பாலும் ஆபரேஷன் செய்து எடுக்கச் சொல்வார்கள்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் சாதாரண எக்கோ முதல் படி. அதில் சந்தேகம் இருந்தால், உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோ. இதயத்துக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதால் வால்வும் மேலறைகளும் இதில் தெளிவாகத் தெரியும். கட்டி எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சொல்லிவிடலாம்.

கால்சியமா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் சிறந்தது. கால்சியம் அதில் எலும்பு போலப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதை மட்டும் பார்ப்பதற்குக் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், "கடோலினியம் ஏற்றுவீர்களா, எந்த வகை?" என்று கேளுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் சில பழைய கடோலினிய மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் ஒரு கடுமையான நோய் வருகிறது என்பது 2006-இல் தெரியவந்தது. இப்போது பயன்படுத்தும் புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் நோயாளி டயாலிசிஸ் செய்பவர் என்பது ஸ்கேன் சென்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு ஸ்கேன்களுக்குப் பிறகும் சில கட்டிகள் என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்த பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். சி.ஏ.டி. விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

வலது பக்கமா, இடது பக்கமா?

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே உள்ள கட்டி உடைந்தால் நுரையீரல் அடைப்பு. இடது பக்கத்திலிருந்து ரத்தம் மூளை உட்பட உடல் முழுவதற்கும் போகிறது. அங்கே உள்ளது உடைந்தால் பக்கவாதம், திடீர்ப் பார்வை இழப்பு, கை அல்லது காலுக்கு ரத்தம் நின்றுபோவது.

முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்வது, ஒரு கை அல்லது கால் பலமிழப்பது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் திடீரென்று இருட்டிக்கொள்வது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். மூளையில் அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போடப்படுகிறது. "நாளைக்கு டயாலிசிஸுக்குப் போகும்போது காட்டிக்கலாம்" என்று விட்டுவிடக் கூடாது. ஹெப்பாரினோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்தோ எப்போது கொடுக்கப்பட்டது என்பதையும் அங்குள்ள டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் அவசியமா?

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு பாதை. கத்தீட்டர் உறைவுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, குழாயை எடுப்பது அல்லது மாற்றுவது, பெரிய உறைவுக்கு ஆபரேஷன் என்று யோசிப்பார்கள். குழாயை உடனே உருவினால் உறைவு பெயர்ந்துவிடுமா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். தொற்று என்றால் வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஊசி. வால்வு சேதமடைந்தால் ஆபரேஷன்.

ஆடிக்கொண்டிருக்கும், வளர்ந்துகொண்டிருக்கும், அல்லது ஏற்கெனவே துணுக்கு உடைந்துவிட்ட சி.ஏ.டி.-க்குப் பொதுவாக ஆபரேஷன்தான் வழி. கால்சியத்தைக் கரைக்க மாத்திரை கிடையாது. ஆனால் இது எளிய முடிவு அல்ல. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதய ஆபரேஷனின் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கால்சியம் கல் போல இறுகிய வளையத்தில் தையல் போடுவதும் கடினம். எடுத்த பிறகு மீண்டும் வளர்ந்ததாகவும் பதிவுகள் உண்டு. வயது, இதயத்தின் பலம், இதர நோய்கள், நோயாளியின் விருப்பம் எல்லாவற்றையும் எடைபோட வேண்டும். சிலருக்கு, அடிக்கடி எக்கோ எடுத்துக் கண்காணிப்பதே சரியான முடிவாக இருக்கலாம்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வார்ஃபரின் மாத்திரை, கால்சியம் படிவதைத் தடுக்கும் ஒரு புரதத்துக்குத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. அதனால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுப்பதில் டாக்டர்கள் கூடுதலாக யோசிக்கிறார்கள். அதற்காக, ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இந்தியாவில் இது ஏன் முக்கியம்?

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகிறார்கள் என்று 2016-17 மத்திய பட்ஜெட் உரையில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி கூறினார். ஒரு டயாலிசிஸுக்குச் சுமார் 2,000 ரூபாய், வருடத்துக்கு 3 லட்சத்துக்கும் மேல் செலவாகிறது என்பதும் அதே உரையில் சொல்லப்பட்டது. அதில்தான் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் என்பது அதன் மையம்.

டயாலிசிஸ் இயந்திரம் அருகில் வந்துவிட்டது பெரிய மாற்றம்தான். ஆனால் இதயத்தைக் காப்பது அந்த நான்கு மணி நேரம் மட்டும் அல்ல. வாரம் மூன்று முறை என்பது வழக்கமான அளவு. செலவையும் பயணத்தையும் நினைத்து இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கே ஏராளம். மேலே போட்ட கணக்கை அவர்களுக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு 1,800 அல்ல, 2,600 மில்லிகிராம் மிச்சம். டயாலிசிஸ் நோயாளிகளின் மரணத்துக்கு முதல் காரணம் இதய நோய்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

 • பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளையும், முடிந்தால் வீடியோவையும் ஒரே ஃபோல்டரில் தேதி வாரியாக வையுங்கள். கட்டி புதிதா, வளர்கிறதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

 • பாஸ்பரஸ், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதியுங்கள். கிரியாட்டினினை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

 • பாஸ்பேட் பைண்டர் மாத்திரை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கோலா பானங்கள், பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் நொறுக்குத் தீனிகளில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உடலில் மிக எளிதாகச் சேர்கிறது. அவற்றைக் குறைப்பது, பருப்பை நிறுத்துவதைவிடப் பயனுள்ளது.

 • கழுத்தில் குழாய் இருந்தால், ஒவ்வொரு மாதமும் கேளுங்கள்: "ஃபிஸ்டுலா எப்போ ரெடியாகும்? இந்த லைனை எப்போ எடுப்பீங்க?"

 • மாஸ் என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்விகள்: இடதா, வலதா? அசைகிறதா? முந்தைய எக்கோவில் இருந்ததா? கால்சியமா என்று சி.டி.யில் பார்க்கலாமா? ரத்த கல்ச்சர் எடுத்தாயிற்றா?

 • இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும்படி செய்யுங்கள். ஹெப்பாரின் இல்லாமல் டயாலிசிஸ் செய்வதா, எந்த நாளில் ஆபரேஷன் வைப்பது என்பதெல்லாம் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.

கட்டி என்றதும் டயாலிசிஸை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவதும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அடுத்த டயாலிசிஸ் குறித்த நாளில் நடக்கட்டும். போகும்போது ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துச்சென்று, ஹெப்பாரின் போடுவதற்கு முன்பே அங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள்.